நீலக் கண் மஞ்சள் ஆனது ஏன்?



பூனை நமக்குப் புதிதல்ல. அடுப்படிக்கு வரும். மதில்மேல் நடக்கும். எலி பிடிக்கும். ஆனால் ஒரு பூனைக்குட்டி எப்படி வளர்கிறது? வளரும்போது அதன் கண்ணும் உரோமமும் எப்படி மாறுகின்றன? இதை நாம் கவனித்துப் பார்ப்பதில்லை.

கவனிக்காததால் ஒருவர்மேல் பழி விழுந்தது. கவனித்து எழுதி வைத்ததால் அந்தப் பழி நீங்கியது. அந்தக் கதையையும் சொல்கிறேன். பூனையைப் பற்றியும் சொல்கிறேன்.

ஒரு குட்டியும் ஒரு பழியும்

தில்லியில் திரிலோக்புரி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. எங்கள் எழுத்தறிவு வகுப்புக்கு அங்கிருந்து ஓர் அக்கா வருகிறார். நான்கு வீடுகளில் வேலை செய்கிறார். மாலையில் நோட்டும் பென்சிலுமாக வகுப்புக்கு வந்துவிடுவார்.

அக்கா வீட்டுப் பெட்டிக்குப் பின்னால் ஒரு பூனை மூன்று குட்டிகள் போட்டது. வேலை செய்யும் வீட்டில் இதைச் சொன்னார். அந்த வீட்டுக் குழந்தை குட்டியைப் பார்க்க வந்தது. "நீலக் கண் குட்டி எனக்கு வேணும்" என்று கேட்டது. குட்டி தாயை விட்டுப் பிரியும் வயது வந்ததும் அக்கா கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஒரு மாதம் ஆனது. குட்டியின் கண் நீலமாக இல்லை. மஞ்சளாக இருந்தது. வீட்டுக்கார அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. அவர்கள் ஊருக்குப் போயிருந்த மூன்று நாளும் குட்டியைப் பார்த்துக்கொண்டது அக்காதான். "நல்ல குட்டியை வேறு யாருக்கோ விற்றுவிட்டாய். வேறு குட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டாய்" என்று கோபித்துக்கொண்டார். நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அக்கா வகுப்பில் வந்து அழுதார். "தம்பி, பதினோரு வருஷமா அந்த வீட்டிலே வேலை செய்யறேன். ஒரு கரண்டிகூட எடுத்ததில்லே. இப்போ என்னைத் திருடின்னு சொல்றாங்க. கண்ணு எப்படி மாறும்? எனக்கே புரியலையே" என்றார்.

எனக்கும் பதில் தெரியவில்லை. அரசுக் கால்நடை மருத்துவரிடம் போய்க் கேட்டேன். புத்தகங்களையும் பார்த்தேன். நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பிறந்த குட்டி

பூனையின் கர்ப்பகாலம் சுமார் ஒன்பது வாரம். ஓர் ஈற்றில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து குட்டிகள் வரை இருக்கும்.

பிறந்த குட்டி மிகச் சிறியது. மளிகைக் கடையில் 100 கிராம் எடைக்கல் பார்த்திருப்பீர்கள். குட்டியின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். கண் மூடியிருக்கும். காது மடங்கி ஒட்டியிருக்கும். அதற்குப் பார்வை இல்லை. காதும் கேட்காது. வாசனையும் தாயின் உடம்புச் சூடும்தான் அதற்கு வழிகாட்டி. அதை வைத்தே தாயின் மடியைத் தேடிப் போகும்.

ஏழு நாள் முதல் பதினான்கு நாளுக்குள் கண் திறக்கும். இரண்டு கண்ணும் ஒரே நாளில் திறக்க வேண்டும் என்பதில்லை. ஒன்று இன்றைக்குத் திறக்கும். மற்றொன்று நாளைக்குத் திறக்கலாம். நாமாகக் கையால் பிரிக்கக் கூடாது. பிரித்தால் கண் கெட்டுப்போகும்.

கண் திறந்த குட்டியைப் பாருங்கள். கறுப்புக் குட்டியோ, வெள்ளைக் குட்டியோ, செம்மஞ்சள் குட்டியோ, எல்லாவற்றுக்கும் கண் நீலமாகவே இருக்கும்.

நீலம் எங்கிருந்து வந்தது?

நம் உடம்பில் ஒரு சாயம் இருக்கிறது. அதன் பெயர் மெலனின். நம் தலைமுடி கறுப்பாக இருப்பதற்கு அதுதான் காரணம். தோல் கறுப்பாகவோ மாநிறமாகவோ இருப்பதற்கும் அதுதான் காரணம். பூனைக்கும் இதே சாயம் உண்டு.

பூனையின் கண்ணில் நடுவே ஒரு துளை இருக்கிறது. அதைச் சுற்றி நிற வளையம் இருக்கிறது. நாம் "பூனைக்கண்" என்று சொல்வது அந்த வளையத்தின் நிறத்தைத்தான். பிறந்த குட்டிக்கு அந்த வளையத்தில் சாயம் இன்னும் ஊறவில்லை.

சாயம் இல்லை என்றால் நீலம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வானத்தைப் பாருங்கள். வானம் நீலமாக இருக்கிறது. அங்கே யாராவது நீலச் சாயம் பூசினார்களா? இல்லை. சூரிய வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. அது காற்றில் பட்டுச் சிதறும்போது நீலம் அதிகமாகச் சிதறுகிறது. அதனால் வானம் நீலமாகத் தெரிகிறது. குட்டியின் கண்ணிலும் வெளிச்சம் அப்படித்தான் சிதறுகிறது. அதனால் நீலமாகத் தெரிகிறது.

குட்டி வளர வளர, கண் வளையத்தில் மெலனின் ஊறத் தொடங்கும். ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆனபின் நீலம் மங்கும். சாம்பல் கலந்தாற்போல் இருக்கும். பிறகு பச்சையோ மஞ்சளோ தெரியும். மூன்று நான்கு மாதத்தில் நிறம் ஏறக்குறைய நிலைத்துவிடும். சாயம் கொஞ்சமாக ஊறினால் பச்சை. கூடுதலாக ஊறினால் மஞ்சள். இன்னும் கூடினால் செம்பு நிறம்.

ஆகவே நீலக் கண் மஞ்சள் ஆவது நோயல்ல. கண்ணேறு அல்ல. அது வளர்ச்சி.

இன்னொரு விஷயம். கண்ணின் நடுத்துளை வேளைக்கு வேளை மாறும். நல்ல வெயிலில் ஒரு கோடு போல ஒடுங்கிவிடும். இருட்டில் பெரிய வட்டமாக விரியும். அப்போது கண் முழுவதும் கறுப்பாகத் தெரியும். இது நிற மாற்றம் அல்ல. ஆகையால் கண் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்.

நீலம் மாறாத கண்கள்

எல்லாப் பூனைக்கும் நீலம் போய்விடுமா? சிலவற்றுக்குப் போகாது.

முழுவெள்ளைப் பூனைகள் சிலவற்றுக்கு வாழ்நாள் முழுவதும் நீலக் கண்தான். சிலவற்றுக்கு ஒரு கண் நீலம், மறு கண் மஞ்சள். நீலக் கண் வெள்ளைப் பூனைகளில் பலவற்றுக்குக் காது கேட்காது. தெருவில் வண்டி வரும் ஓசை அவற்றுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட பூனையை வீட்டுக்குள் வைத்துத்தான் வளர்க்க வேண்டும்.

இதற்கு நம் தில்லியிலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. மதுரா சாலையில், பழைய கோட்டைக்குப் பக்கத்தில் மிருகக்காட்சி சாலை இருக்கிறது. 1959ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டது. அங்கே பல ஆண்டுகளாக வெள்ளைப் புலிகளை வளர்த்து வந்திருக்கிறார்கள். புலியும் பூனைக் குடும்பம்தான்.

இந்த வெள்ளைப் புலிகளின் கதை மத்தியப் பிரதேசத்தின் ரேவா பகுதியில் தொடங்குகிறது. 1951ஆம் ஆண்டு ரேவா மன்னர் மார்த்தாண்ட சிங் ஒரு வெள்ளைப் புலிக்குட்டியைப் பிடித்தார். அதற்கு மோகன் என்று பெயர் வைத்தார். 1958ஆம் ஆண்டு மோகனுக்கு வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. அவற்றில் ராஜா, ராணி என்ற இரண்டும் பின்னர் தில்லி மிருகக்காட்சி சாலைக்கு வந்தன.

சாதாரணப் புலிக்குட்டிக்கும் கண் முதலில் நீலமாகத்தான் இருக்கும். வளர்ந்தால் மஞ்சளாகிவிடும். வெள்ளைப் புலிக்கு மட்டும் வளர்ந்த பின்னும் நீலமாகவே இருக்கும். 2013ஆம் ஆண்டு அறிவியலார் இதற்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். உடம்பை உருவாக்கும் குறிப்புகள் ஒவ்வோர் உயிரின் உடலிலும் இருக்கின்றன. அவற்றை மரபணு என்கிறோம். வெள்ளைப் புலியின் ஒரு மரபணுவில் மிகச் சிறிய மாற்றம் இருக்கிறது. 'பால்' என்று எழுதும்போது ஓர் எழுத்து மாறினால் 'பாய்' ஆகிவிடுகிறது அல்லவா? அதுபோலத்தான். ஒரு சிறு மாற்றத்தால் மஞ்சள் சாயம் சேராமல் போகிறது. கறுப்புக் கோடுகள் மட்டும் நிற்கின்றன.

வெள்ளைப் புலி வேண்டும் என்பதற்காக நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே புலிகளைச் சேர்த்து வளர்த்தார்கள். அதனால் உடல் குறைகளும் குட்டிகளுக்கு வந்தன. அழகுக்காக மட்டும் வளர்ப்பது நல்லதல்ல என்று இது நமக்குச் சொல்கிறது.

உரோமம் மாறும் விதம்

இனி உரோமத்தைப் பார்ப்போம்.

பிறந்த குட்டியின் உரோமம் பஞ்சு போல மெல்லியது. சில மாதங்களில் அது உதிர்ந்து பெரிய பூனையின் உரோமம் வரும். அது நீளமாகவும் வழவழப்பாகவும் இருக்கும்.

முழுக் கறுப்புக் குட்டியை வெயிலில் வைத்துப் பாருங்கள். உடம்பில் மங்கலான கோடுகள் தெரியலாம். வளர்ந்தால் அவை மறைந்துவிடும்.

பெரிய பூனைகளிலும் இப்படி உண்டு. குஜராத்தில் கிர் காட்டில் சிங்கங்கள் வாழ்கின்றன. சிங்கக்குட்டிக்கு உடம்பில் புள்ளிகள் இருக்கும். வளர வளர அவை மங்கிவிடும். ஆண் சிங்கத்துக்கு ஒரு வயதுக்கு மேல்தான் பிடரி மயிர் நீளத் தொடங்கும். சிறுத்தை போல இருக்கும் சீட்டாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் நமீபியாவிலிருந்து எட்டுச் சீட்டாக்களை மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 2023ஆம் ஆண்டு அங்கே குட்டிகள் பிறந்தன. சீட்டாக் குட்டியின் முதுகில் சாம்பல் நிற நீள மயிர் போர்வை போல இருக்கும். காய்ந்த புல்லில் மறைந்திருக்க அது உதவும். வளர்ந்தால் அது குறைந்துவிடும்.

ஆனால் ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். நம் வீட்டுப் பூனையின் மேல் பளிச்சென்று தெரியும் திட்டுகள் இடம் மாறுவதில்லை. முதுகில் இருந்த கறுப்புத் திட்டு வயிற்றுக்குப் போகாது. வாலில் உள்ள வளையம் கூடாது, குறையாது. உடம்பு பெரிதாகும்போது திட்டும் பெரிதாகும். அவ்வளவுதான். நம் உடம்பில் உள்ள மச்சம் போல அதுவும் ஓர் அடையாளம். இந்தச் செய்திதான் அக்காவுக்குக் கைகொடுத்தது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

வெயிலும் குளிரும்

தில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெயில் 45 டிகிரியைத் தொடும். ஜனவரியில் பல்லைக் கிட்டும் குளிர். இதற்கு ஏற்பப் பூனையின் உரோமமும் மாறுகிறது. குளிர்காலம் வரும் முன் அடர்த்தியாக வளரும். ஹோலி நெருங்கும்போது உதிரத் தொடங்கும். பாயிலும் துணியிலும் மயிர் ஒட்டும். பகல் நீளுவதும் குறைவதும்தான் இதற்கு முக்கியக் காரணம். இரவிலும் விளக்கு எரியும் வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்கு ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும்.

கறுப்புப் பூனை வெயிலில் கிடந்து கிடந்து செம்பட்டை ஆவதும் உண்டு. வெயிலில் அலையும் பிள்ளைகளின் தலைமுடி செம்பட்டை ஆகிறதே, அதுபோலத்தான். மீன், இறைச்சி, முட்டை போன்ற சத்தான தீனி கிடைக்காவிட்டாலும் கறுப்பு வெளுக்கும். வெறும் சோறும் ரொட்டியும் பூனைக்குப் போதாது.

சயாம் பூனை என்று ஓர் இனம் இருக்கிறது. தாய்லாந்து நாட்டின் பழைய பெயர் சயாம். அங்கிருந்து வந்த பூனை இது. பணக்காரர் வீடுகளில் பார்க்கலாம். உடம்பு வெளிர்நிறம். முகம், காது, கால், வால் மட்டும் கறுப்பு. கண் எப்போதும் நீலம்.

இந்தக் குட்டி பிறக்கும்போது உடம்பு முழுவதும் வெள்ளைதான். தாயின் வயிற்றுக்குள் எங்கும் ஒரே சூடு. இந்த இனத்தில் சாயம் சூட்டில் சுரக்காது. குளிர்ந்த இடத்தில் மட்டுமே சுரக்கும். பிறந்த பிறகு காதும் மூக்கும் காலும் வாலும் மற்ற இடங்களைவிடக் குளிர்ந்திருக்கும். அதனால் அங்கே மட்டும் கறுப்பு ஏறுகிறது. குளிர்காலத்தில் இந்தப் பூனை மேலும் கறுக்கும்.

எடையும் பல்லும்

குட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பாருங்கள். இது பொதுவான கணக்கு. கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

பிறந்த அன்று: கண் மூடியிருக்கும். எடை சுமார் 100 கிராம்.

2 வாரம்: கண் திறந்திருக்கும். நிறம் நீலம்.

4 வாரம்: ஓடும், விளையாடும். எடை 400 முதல் 450 கிராம்.

8 வாரம்: பால்பல் எல்லாம் வந்திருக்கும். தானாகத் தின்னும். எடை 800 கிராம் முதல் 1 கிலோ.

12 வாரம்: கண்ணில் புது நிறம் தெரியும். எடை சுமார் ஒன்றேகால் கிலோ.

6 மாதம்: பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்திருக்கும். எடை இரண்டரைக் கிலோவுக்குப் பக்கம்.

1 ஆண்டு: முழுப் பூனை. எடை 3 முதல் 5 கிலோ.

முதல் ஆறு மாதம் வரை மாதத்துக்குச் சுமார் அரைக் கிலோ என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். ஆண் பூனை பெண்ணைவிடப் பெரிதாக இருக்கும். ஒரு வயதுக்குப் பிறகும் கொஞ்சம் வளரும். அதன் கன்னம் அகன்று முகம் பெரிதாகத் தெரியும்.

பூனைக்கும் நம்மைப் போலப் பால்பல் விழுந்து முளைக்கும். பால்பல் 26. பெரிய பூனைக்குப் பல் 30.

இந்தக் கணக்கு எதற்கு? உயிரைக் காப்பாற்றத்தான். எட்டு வாரம் ஆகும் முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. தெருவில் ஒரு குட்டி கிடந்தால் உடனே தூக்கி வராதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் வராவிட்டால் மட்டும் எடுங்கள். முதலில் துணியில் சுற்றிச் சூடு கொடுங்கள். மாட்டுப் பால் குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது. வயிற்றுப்போக்கு வந்து இறந்துவிடும். என்ன கொடுப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னும் ஒன்று. பெண் குட்டி நான்கு ஐந்து மாதத்திலேயே சினையாகலாம். பார்த்தால் அதுவே குட்டி போல இருக்கும். ஆனால் தாயாகிவிடும். அதிகக் குட்டிகள் வேண்டாம் என்றால் அதற்கு முன்பே கருத்தடை அறுவை செய்யலாம். எந்த வயதில் செய்வது என்று மருத்துவர் சொல்வார். வளர்த்த பூனையைப் பட்டினி கிடந்து துன்பப்படும்படி தெருவில் விட்டுவிடுவது குற்றம். 1960ஆம் ஆண்டு வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

முதுமை வந்தால்

பூனைக்குப் பத்துப் பன்னிரண்டு வயது என்பது முதுமை. நன்றாக வளர்த்தால் பதினைந்து ஆண்டுக்கு மேலும் வாழும்.

நமக்கு நரை விழுவது போல அதற்கும் வாயைச் சுற்றி வெள்ளை மயிர் தோன்றும். உரோமம் பளபளப்பு இழக்கும். முதுகு வளையாது. அதனால் முன்போல் நக்கிச் சுத்தம் செய்துகொள்ளாது. மயிர் சிக்கு விழும். கண் வளையத்தில் பழுப்புப் புள்ளிகள் தோன்றலாம். கண்ணின் நடுவில் லேசாகச் சாம்பல் படரும்.

எது வளர்ச்சி? எது நோய்?

இதுதான் நாம் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. கால்நடை மருத்துவர் எனக்கு எளிய வழி ஒன்றைச் சொன்னார்.

மாற்றம் மெதுவாக வந்தால், இரண்டு கண்ணிலும் ஒன்றுபோல வந்தால், பூனை நன்றாகத் தின்று விளையாடினால், பெரும்பாலும் அது வளர்ச்சி. மாற்றம் திடீரென்று வந்தால், ஒரு பக்கம் மட்டும் வந்தால், பூனை சோர்ந்து கிடந்தால், நோய் என்று சந்தேகப்பட வேண்டும்.

சில அடையாளங்கள் சொல்கிறேன்.

கண் சிவந்து பீளை தள்ளினால் நோய்.

ஒரு கண்ணின் நடுத்துளை பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் நோய்.

ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளாக இருந்தால் அது மஞ்சள் காமாலை.

உரோமம் வட்டமாக உதிர்ந்து தோல் தெரிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது நமக்கும் ஒட்டும். தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

வளர்ந்த பூனை திடீரென்று மெலிந்தால் நோய்.

இவற்றில் எதைக் கண்டாலும் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மனிதருக்கான மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம்.

நமக்கும் ஓர் எச்சரிக்கை

பூனை கடித்தாலோ கீறினாலோ சும்மா இருக்கக் கூடாது. நாய்க்கு மட்டுமல்ல, பூனைக்கும் வெறிநோய் வரும். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டர் சொல்லும் நாட்களில் எல்லா ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். பாதியில் நிறுத்தக் கூடாது. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. வராமல் தடுக்க முடியும்.

நோட்டு பேசியது

இனி அக்காவின் கதைக்கு வருவோம்.

எங்கள் வகுப்பில் தினம் ஒரு வரி எழுதச் சொல்வோம். வீட்டில் நடந்தது எதுவாக இருந்தாலும் சரி. அக்கா பூனையைப் பற்றி எழுதியிருந்தார். பழைய பக்கங்களைத் திருப்பினோம். எழுத்து கோணலாக இருந்தது. ஆனால் தேதி சரியாக இருந்தது.

"மார்ச் 2. பூனை 3 குட்டி போட்டது."

"மார்ச் 11. ஒரு குட்டி கண் திறந்தது."

"ஏப்ரல் 14. வெள்ளைக் குட்டிக்கு முதுகில் 2 சாம்பல் திட்டு. வாலில் 5 வளையம்."

"ஏப்ரல் 27. குட்டியைக் கொடுத்தேன். கண் நீலம்."

மார்ச் 2 முதல் ஏப்ரல் 27 வரை 56 நாள். அதாவது எட்டு வாரம். அந்த வயதில் கண்ணில் நீலம் இருந்தது சரிதான். வீட்டுக்கார அம்மா கோபித்தபோது குட்டிக்குப் பன்னிரண்டு வாரம். அந்த வயதில் மஞ்சள் வந்ததும் சரிதான்.

மறுநாள் அக்காவும் நானும் நோட்டை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். அக்கா வீட்டில் இருந்த மற்ற இரண்டு குட்டிகளையும் ஒரு கூடையில் வைத்துக் கொண்டுபோனோம். அவற்றின் கண்ணும் மஞ்சளாகியிருந்தது. அக்கா நோட்டைத் திறந்து, எழுத்துக் கூட்டி, தானே வாசித்தார். அந்த வீட்டுக் குழந்தை குட்டியைத் தூக்கி வாலைப் பிடித்து எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. முதுகில் திட்டு இரண்டு. இடம் மாறவில்லை.

வீட்டுக்கார அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன்" என்றார். அக்காவை உட்காரச் சொன்னார். பதினோரு ஆண்டில் அந்த வீட்டு நாற்காலியில் அக்கா உட்கார்ந்தது அதுவே முதல் முறை.

திரும்பி வரும்போது அக்கா சொன்னார்: "தம்பி, வாயால சொன்னேன், நம்பலே. எழுதினதைக் காட்டினேன், நம்பிட்டாங்க. இனிமே சம்பளக் கணக்கையும் தேதி போட்டு எழுதி வைக்கப் போறேன்."

இப்போது எழுதி வைக்கிறார்.

பேசுவோம்

1. குட்டியின் கண் முதலில் நீலமாகத் தெரிவது ஏன்?

2. வளரும்போது பூனையிடம் மாறுவது எது? மாறாதது எது?

3. எந்த வயதுவரை குட்டி தாயுடன் இருக்க வேண்டும்?

4. பூனை கீறினால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

செய்து பார்ப்போம்

உங்கள் தெருவில் பூனை குட்டி போட்டால் தள்ளி நின்று பாருங்கள். வாரம் ஒரு நாள் தேதி போட்டு ஒரு வரி எழுதுங்கள். கண் என்ன நிறம்? எங்கே திட்டு? எத்தனை வளையம்? மூன்று மாதம் எழுதுங்கள். பிறகு முதல் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள்.